ஒரே ஒரு மூலக்கூறு: அதன் அதிர்வை ஒளி எப்படிப் படிக்கிறது?

2019 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் சில விசித்திரமான படங்கள் இருந்தன. கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் வி. ஆரா அப்காரியனின் குழு எடுத்தவை. தாமிரப் பரப்பின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் கோபால்ட் டெட்ராஃபீனைல்போர்ஃபிரின்: நடுவில் ஒரு கோபால்ட் அணு, அதைப் பிடித்துக்கொண்டு நான்கு நைட்ரஜன் அணுக்கள், அவற்றைச் சுற்றிக் கார்பன் வளையங்கள். குறுக்களவு ஏறத்தாழ ஒன்றரை நானோமீட்டர். அந்த மூலக்கூறு ஒவ்வோர் அதிர்வெண்ணில் துடிக்கும்போதும் அதன் எந்தப் பகுதி எவ்வளவு ஆடுகிறது என்பதைப் படங்கள் தனித்தனியே காட்டின. நுணுக்கம் 1.67 ஆங்ஸ்ட்ராம் (0.167 நானோமீட்டர்), அதாவது ஓர் அணுவின் அகலம் அளவுக்கு.

எடுத்தது எக்ஸ் கதிரால் அல்ல, எலெக்ட்ரான் கற்றையாலும் அல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளியால். அங்கேதான் இடிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி அளவுக்குக் கீழே உள்ள நுணுக்கத்தை எந்த லென்ஸாலும் பிரித்துக் காட்ட முடியாது என்று 1873-லேயே எர்ன்ஸ்ட் அப்பே சொல்லிவிட்டார். நல்ல நுண்ணோக்கி என்றாலும் 200, 250 நானோமீட்டரில் படம் மங்கிவிடும். இர்வைன் படங்கள் அந்த எல்லையை ஆயிரம் மடங்குக்கு மேல் தாண்டுகின்றன.

அப்பே சொன்னது பொய்யாகவில்லை. இந்த வேலையில் லென்ஸைவிட உலோகத்துக்குத்தான் பங்கு அதிகம். இந்தத் துறையில் நடந்த எல்லாவற்றுக்கும், கிடைத்த வெற்றிக்கும் இன்றுவரை விலகாத சந்தேகங்களுக்கும் சேர்த்தே, அந்த உலோகம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

முதலில் அதிர்வு. மூலக்கூறில் இரண்டு அணுக்களைப் பிணைக்கும் பிணைப்பு இறுகிய கம்பி அல்ல, ஸ்பிரிங் மாதிரி நீண்டு சுருங்கும். எடை குறைந்த அணு வேகமாக ஆடும், எடை கூடிய அணு மெதுவாக. பிணைப்பு எவ்வளவு வலுவோ அவ்வளவு வேகம். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு நொடிக்கு ஏறக்குறைய 90 லட்சம் கோடி தடவை நீண்டு சுருங்குகிறது. இதை நிறமாலைக்காரர்கள் சென்டிமீட்டருக்கு 2,900 முதல் 3,000 வரையிலான அலையெண் என்று குறிப்பார்கள். கார்பன்-ஆக்ஸிஜன் இரட்டைப் பிணைப்பு 1,700 பக்கம் வரும், கார்பன்-நைட்ரஜன் மும்மைப் பிணைப்பு 2,200 பக்கம். பென்சீன் வளையம் முழுவதுமாக விரிந்து சுருங்குவது 992-இல். எண்களின் வரிசையைப் பார்த்தே இது இன்ன மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அதன் கனமான ஐசோடோப்பான டியூட்ரியத்தை வைத்தால் 2,900 பக்கம் இருந்த கோடு 2,100 பக்கம் இறங்கிவிடும். வேதியியல் குணம் பெரிதாக மாறாது, கோடு மட்டும் இடம் மாறும். இந்தத் தந்திரம் பின்னால் உதவப்போகிறது.

இந்த அதிர்வை ஒளியால் படிக்கும் வழியைத் திறந்தது 1928-இல் கல்கத்தா பௌபஜார் தெருவில் நடந்த சோதனை. திருச்சியில் பிறந்த சி. வி. ராமனும், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை நீல-ஊதா வடிகட்டி வழியாகத் திரவங்களுக்குள் செலுத்தினார்கள். அந்த நீலத்தை முழுக்கத் தடுக்கும் இன்னொரு வடிகட்டியைக் கண்ணுக்கு முன்னால் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் தெரியக் கூடாது. மெலிதாக ஒளி தெரிந்தது. உள்ளே போன ஒளியின் ஒரு சிறு பங்கு, மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியே வந்திருக்கிறது. இன்றைய கணக்கில் சொன்னால், 532 நானோமீட்டர் பச்சை லேசர் ஒரு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை ஆட்டிவிட்டு வரும்போது 631 நானோமீட்டர் சிவப்பாக வரும். அந்த நிற வித்தியாசம்தான் பிணைப்பின் அடையாளம். இப்படி நிறம் மாறிச் சிதறுவதைத்தான் ராமன் சிதறல் என்கிறார்கள். மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மண்டெல்ஷ்டாமும் அதே ஆண்டில் படிகங்களில் இதையே கண்டார்கள். 1930-இல் நோபல் பரிசு ராமனுக்குப் போனது.

பிரச்சினை, இந்தச் சமிக்ஞை மிகமிக மெலிது. உள்ளே போகும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்றுதான் இப்படி நிறம் மாறும். 25 கிலோ அரிசிச் சிப்பம் எட்டைக் கொட்டி அதில் ஒரே ஒரு மணியைத் தேடுவது மாதிரி. அதுவும் கோடிகோடியாய் மூலக்கூறுகள் இருக்கும் திரவத்தில்தான் இந்தக் கணக்கு. மூலக்கூறு ஒன்றே ஒன்று என்றால் கதையே வேறு. நன்றாக ஒளிரும் ஒரு சாய மூலக்கூறின் ஒளிர்வோடு ஒப்பிட்டால், சாதாரண மூலக்கூறு ஒன்றின் ராமன் சிதறல் 10¹⁴ மடங்கு பலவீனமானது. ஒளிர்வு மூலம் ஒற்றை மூலக்கூறைப் பார்ப்பது 1990-லேயே கைகூடிவிட்டது. ராமன் சிதறலில் அது நடக்கும் என்று நம்ப அப்போது யாருக்கும் பெரிய காரணம் இருந்திருக்காது.

வழி தற்செயலாகத்தான் திறந்தது. 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மார்ட்டின் ஃப்ளைஷ்மன், பேட்ரிக் ஹெண்ட்ரா, ஜேம்ஸ் மக்குவிலன் மூவரும் வெள்ளி மின்முனையில் ஒட்டிய பிரிடின் என்ற மூலக்கூறின் ராமன் நிறமாலையை எடுக்க முயன்றார்கள். (ஆமாம், 1989-இல் ‘குளிர் அணுக்கருப் பிணைவு’ என்று அறிவித்து மாட்டிக்கொண்ட அதே ஃப்ளைஷ்மன்தான்.) மூலக்கூறுகள் நிறைய ஒட்டட்டும் என்று, மின்னோட்டத்தை மாற்றி மாற்றிச் செலுத்தி வெள்ளியின் பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். சமிக்ஞை பளிச்சென்று வந்தது. பரப்பளவு கூடியதால் வந்தது என்று எழுதி முடித்துவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜீன்மேர், வான் டைன் இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தால், பரப்பளவு அந்த அளவுக்குக் கூடவே இல்லை. ஒவ்வொரு மூலக்கூறின் சமிக்ஞையும் லட்சம், பத்து லட்சம் மடங்கு பெருகியிருந்தது. கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட், கிரைட்டன் இருவரும் அதே ஆண்டில் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள்.

வெள்ளிக்குள் என்ன நடக்கிறது? உலோகத்தில் எலெக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரிபவை. நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள் மீது சரியான நிறத்தில் ஒளி பட்டால், எல்லா எலெக்ட்ரான்களும் ஒன்றாகச் சேர்ந்து இப்படியும் அப்படியும் ஆடும். இதைத்தான் பிளாஸ்மான் என்கிறார்கள். அந்த ஆட்டத்தால் துகளின் ஓரத்தில் மின்புலம் குவிகிறது. இரண்டு துகள்கள் ஒரு நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கி நின்றால், அந்த இடுக்கில் புலம் பன்மடங்கு ஏறுகிறது. இது இரண்டு தடவை உதவுகிறது: உள்ளே வரும் ஒளியையும் பெருக்குகிறது, மூலக்கூறிலிருந்து வெளியே போகும் ஒளியையும் பெருக்குகிறது. ஆகவே சமிக்ஞை, புலத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. புலம் 100 மடங்கு என்றால் சமிக்ஞை 10 கோடி மடங்கு. இடுக்கைவிட்டு ஓரிரு நானோமீட்டர் தள்ளிப்போனாலே இந்தச் சலுகை அநேகமாகப் போய்விடும்.

இதன் விளைவு ஒன்றை 2008-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேனா டிலாட் குழு அளந்து காட்டியது. வெள்ளி பூசிய ஒரு பரப்பில், மூலக்கூறு உட்காரக்கூடிய பத்து லட்சம் இடங்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் 63 இடங்கள் மட்டும் மொத்தச் சமிக்ஞையில் 24 சதவீதத்தைக் கொடுக்கின்றன. மீதி இடங்களில் இருப்பவை இருந்தும் இல்லாத மாதிரிதான். இந்தத் துறையின் முடிவு எதைப் படித்தாலும் இந்த விகிதத்தை மனசில் வைத்துக்கொள்வது நல்லது.

1997-இல் இரண்டு குழுக்கள் ஒற்றை மூலக்கூறின் ராமன் நிறமாலை கிடைத்துவிட்டது என்று அறிவித்தன. இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஷூமிங் நீ, ஸ்டீவன் எமரி இருவரும் ரோடமின் 6ஜி என்ற சாயத்தை வெள்ளித் துகள்கள் மேல் வைத்துப் பார்த்தார்கள். காத்ரின் க்னைப் குழு கிரிஸ்டல் வயலெட் சாயத்தை வெள்ளிக் கூழ்மத்தில் கலந்து பார்த்தது. பெருக்கம் 10¹⁴ என்று பேசப்பட்டது.

ஆனால் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சமிக்ஞை வந்ததைக் காட்டுவது எளிது, அது ஒரே ஒரு மூலக்கூறிலிருந்து வந்தது என்று காட்டுவதற்குத்தான் பத்து ஆண்டு பிடித்தது.

க்னைப் குழுவின் வாதம் எண்ணிக்கையில் நின்றது. சாயத்தின் செறிவை அவ்வளவு குறைத்து வைத்தார்கள், லேசர் படும் 30 பிக்கோலிட்டரில் சராசரியாக 0.6 மூலக்கூறுதான் இருக்கும். நூறு தடவை அளந்தார்கள். சமிக்ஞைகள் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகக் குவிந்ததாகத் தெரிந்தது. அழகான முடிவுதான். ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே அளவு பெருக்கத்தைப் பெற்றால்தானே சமிக்ஞை படிப்படியாக வரும்? இல்லினாய் விகிதத்தைப் பாருங்கள்: ஓர் இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் பெருக்கம் பல ஆயிரம் மடங்கு வேறுபடும்போது படிகளுக்கு இடமில்லை. நூறு அளவீடு என்பது கொஞ்சம். தற்செயலாகவே அப்படிக் குவியல்கள் தெரியலாம் என்று நியூஸிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பாப்லோ எட்செகோயின், எரிக் லெ ரூ இருவரும் பின்னால் காட்டினார்கள்.

இன்னொரு சான்றாகச் சொல்லப்பட்டது மினுக்கல். சமிக்ஞை திடீரென்று அணைந்து மறுபடி எரியும். ஒற்றை மூலக்கூறு என்றால் அப்படித்தான் மினுக்கும் என்பது உண்மை. ஆனால் வெள்ளியின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்குக் கார்பனும் லேசர் பட்டதும் அதே மாதிரி மினுக்கும். 1,350 பக்கமும் 1,580 பக்கமும் கோடுகளைக் காட்டி ஆளை ஏமாற்றும். இந்தத் துறையில் வேலை செய்பவர்களிடம் அந்த இரண்டு எண்களைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள்.

தீர்வு மிக எளிமையான ஒரு யோசனையில் வந்தது. 2006-இல் லெ ரூ, மேயர், எட்செகோயின் மூவரும் ஒரு சாயத்துக்குப் பதில் இரண்டு சாயங்களைக் கலந்து போட்டார்கள். ஒவ்வோர் அளவீட்டிலும் பல மூலக்கூறுகள் பேசுகின்றன என்றால் இரண்டு சாயத்தின் கோடுகளும் சேர்ந்தே வரவேண்டும். ஒன்றே ஒன்று பேசுகிறது என்றால் இதுவோ அதுவோதான் வரும். இப்போது பெருக்கத்தின் அளவு எவ்வளவு என்ற கவலையே வேண்டாம். சரி, இதிலும் ஓர் ஓட்டை உண்டு: ஒரு சாயம் வெள்ளியில் நன்றாக ஒட்டி மற்றது ஒட்டாமல் போனால்? அடுத்த ஆண்டே வான் டைன் குழு அந்த ஓட்டையை அடைத்தது. ஒரே ரோடமின் 6ஜி, பாதி மூலக்கூறுகளில் மட்டும் நான்கு ஹைட்ரஜன்களுக்குப் பதில் டியூட்ரியம். ஒட்டுவதில் வித்தியாசம் இல்லை. ஆனால் 610-இல் வரும் கோடு டியூட்ரியம் வைத்ததில் 600-க்கு இறங்கிவிடும். துகள் துகளாகப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் ஒன்று 610 வந்தது, அல்லது 600 வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தவை குறைவு, அவையும் புள்ளியியல் எதிர்பார்த்த எண்ணிக்கையில்தான். அதன் பிறகு ஒற்றை மூலக்கூறு என்ற கூற்றை யாரும் பெரிதாக மறுக்கவில்லை.

10¹⁴ என்ற எண் மட்டும் நிலைக்கவில்லை. சாயம் உறிஞ்சும் நிறத்திலேயே லேசரை வைத்தால் சிதறல் தானாகவே பல மடங்கு கூடும். அதையும் உலோகத்தின் கணக்கில் எழுதிவிட்டிருந்தார்கள். 10⁸ முதல் 10¹⁰ வரை இருந்தாலே ஒற்றை மூலக்கூறைக் கண்டுபிடிக்கப் போதும் என்று கணக்கு திருத்தப்பட்டது. இந்தச் சமிக்ஞை தனித் துகளிலிருந்து அல்ல, ஒட்டி நிற்கும் துகள்களின் இடுக்கிலிருந்து வருகிறது என்பதைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லூயி புருஸ் குழு 2000 வாக்கில் காட்டியது. 2023-இல் குவாண்டம் புள்ளிகளுக்காக வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர் இவர்.

கண்டுபிடித்தாகிவிட்டது. படம் எடுப்பது வேறு வேலை. துகள்களின் இடுக்கு எங்கே அமையும் என்பது நம் கையில் இல்லை, அதில் மூலக்கூறு விழுவதும் அதிர்ஷ்டம். படம் வேண்டுமென்றால் இடுக்கை நாமே நகர்த்த வேண்டும். அதற்கான கருவி ஏற்கெனவே இருந்தது: 1981-இல் ஐபிஎம் சூரிச் ஆய்வகத்தில் உருவான எஸ்டிஎம் (ஸ்கேனிங் டனலிங் மைக்ரோஸ்கோப்), மிகக் கூரான ஊசியால் பரப்பின் மேல் வருடும் நுண்ணோக்கி. ஊசிக்கும் பரப்புக்கும் இடையே பாயும் மின்னோட்டத்தை மட்டும் வைத்தே 1998-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்சன் ஹோ குழு ஒற்றை அசிட்டிலின் மூலக்கூறின் கார்பன்-ஹைட்ரஜன் அதிர்வை அளந்திருந்தது. ஊசியை வெள்ளியில் செய்து அதன் மேல் லேசரைக் குவித்தால் ஊசி முனைக்கும் பரப்புக்கும் நடுவே அந்த இடுக்கு கிடைத்துவிடும். 2000-இல் சூரிச், ஜப்பான், ஜெர்மனி என்று பல இடங்களில் இது வேலைசெய்தது. ஆனால் நுணுக்கம் பத்து, இருபது நானோமீட்டரிலேயே நின்றது. ஊசி முனையின் அகலம் அவ்வளவு, ஆகவே நுணுக்கமும் அவ்வளவு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

2013-இல் சீனாவின் ஹெஃபெய் நகரிலுள்ள சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் குழு (டோங் ஜென்சாவ், ஹோ ஜியாங்குவோ முதலியோர்) ஒரு போர்ஃபிரின் மூலக்கூறின் உட்புறத்தையே காட்டும் ராமன் படத்தை வெளியிட்டது. நுணுக்கம் அரை நானோமீட்டர். உயர் வெற்றிடம், கடும் குளிர், எல்லாம் சரி. ஆனால் ஊசி முனை அதைவிட எத்தனையோ மடங்கு அகலம். கோட்பாட்டுப்படி அந்தப் படம் வந்திருக்கவே கூடாது. கொஞ்ச காலம் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள்.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. 2016-இல் கேம்பிரிட்ஜில் ஜெரமி பாம்பெர்க் குழு தட்டையான தங்கத்தின் மேல் மூலக்கூறுகளை ஒரு படலமாக அடுக்கி, அதன் மேல் தங்க நானோ உருண்டைகளை வைத்துக் குளிர்த்திப் பார்த்தது. லேசர் படும்போது திடீரென்று புதிய கோடுகள் முளைத்தன, நகர்ந்தன, மறைந்தன. தங்கப் பரப்பிலிருந்து ஒரே ஓர் அணு துருத்திக்கொண்டு வெளியே வருகிறது; ஒளி அந்த அணுவைச் சுற்றி ஒரு கன நானோமீட்டருக்கும் குறைவான இடத்தில் குவிகிறது என்பதுதான் அவர்கள் கண்ட விளக்கம். ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் ஹாவியர் ஐஸ்புருவா குழு போட்ட கணக்கும் அதற்குப் பொருந்தியது. ஊசி எவ்வளவு மொட்டையாக இருந்தாலும், அதன் நுனியில் ஓர் அணு துருத்தி நின்றால் போதும். ஹெஃபெய் படத்தின் புதிர் அதோடு அவிழ்ந்தது.

மூன்று ஆண்டு கழித்து வந்ததுதான் இர்வைன் படங்கள். 6 கெல்வின் குளிர், வெள்ளி ஊசியின் நுனியில் ஒற்றை அணு, அதற்கும் மூலக்கூறுக்கும் சில ஆங்ஸ்ட்ராம் இடைவெளி. அதே ஆண்டில் ஹெஃபெய் குழு மக்னீசியம் போர்ஃபின் மூலக்கூறை 1.5 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் எடுத்து, எந்தப் பிணைப்பு எங்கே இருக்கிறது என்று கோடு கோடாகப் படித்து, மூலக்கூறின் அமைப்பையே வரைந்து காட்டியது.

இவற்றைப் பத்திரிகைகள் ‘ஒளியால் எடுத்த புகைப்படம்’ என்று எழுதின. அப்படிச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஊசி நிற்கும் ஒவ்வொரு புள்ளியிலும் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் எவ்வளவு ஒளி வந்தது என்று எண்ணி அடுக்கிய வரைபடம் அது. அந்த எண்ணுக்குள் மூலக்கூறின் ஆட்டம் இருக்கிறது, ஊசி அணுவின் புலம் எந்தத் திசையில் எவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்குகிறது என்பதும் கலந்திருக்கிறது. மூலக்கூறு பரப்பில் ஒட்டியதால் வளைந்திருக்கலாம், அதன் எலெக்ட்ரான்கள் உலோகத்தோடு பங்கிட்டுக்கொண்டிருக்கலாம். சாதாரண ராமன் நிறமாலையில் வரவே கூடாத கோடுகள் இந்த இடுக்கில் வருவதும் அதனால்தான். கணினியில் போட்ட மாதிரியோடு ஒப்பிட்டால்தான் படத்துக்குப் பொருள் கிடைக்கும். படத்தில் இருப்பது தனியாக விடப்பட்ட மூலக்கூறு அல்ல, உலோகத்தின் பிடியில் இருக்கும் மூலக்கூறு.

விமான நிலையத்திலும் மருந்துத் தொழிற்சாலையிலும் கையில் பிடித்துப் பொடியைச் சோதிக்கும் ராமன் கருவிகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை படிப்பது கோடானுகோடி மூலக்கூறுகளை ஒன்றாக. ஒற்றை மூலக்கூறு நுட்பத்தால் நாளைக்கே ஒரு சொட்டு எச்சிலில் நோய் கண்டுபிடிக்கலாம் என்று வரும் செய்திகளையும் நான் நம்புவதில்லை. பத்து லட்சத்தில் 63 இடங்களுக்குள் நோயின் மூலக்கூறு தானாக வந்து உட்கார வேண்டுமே.

உயிருள்ள செல்லுக்குள் பார்க்க வேண்டுமானால் உலோகத்தையே விட்டுவிட வேண்டும். அப்படி ஒரு வழியும் வந்திருக்கிறது. 2019-இல் கொலம்பியாவில் வெய் மின் குழு இரண்டு லேசர்களின் ஆற்றல் வித்தியாசத்தைச் சாயத்தில் உள்ள கார்பன்-நைட்ரஜன் பிணைப்பின் அதிர்வுக்குச் சரியாக வைத்து, முதலில் அந்தப் பிணைப்பை ஆட்டியது. ஆடும் மூலக்கூறை மட்டும் மேலும் தூக்கிவிட்டு ஒளிரச் செய்தது. சமிக்ஞை ஒளிர்வாக வருவதால் ஒற்றை மூலக்கூறும் தெரிகிறது. 2023-இல் கால்டெக்கில் லூ வெய் குழு முதல் படியை அகச்சிவப்பு ஒளியால் செய்து அதே உணர்திறனை எட்டியது. ஒளிர்வுக் கோடுகள் பட்டையாக விரிந்திருக்கும், ஒன்றோடொன்று மோதும், ஆகவே ஒரே நேரத்தில் நாலைந்து நிறத்துக்கு மேல் பிரிக்க முடியாது. அதிர்வுக் கோடுகள் ஊசி மாதிரி மெலிந்தவை. செல்லுக்குள் இருபதுக்கு மேற்பட்ட பொருட்களை ஒரே நேரத்தில் தனித்தனியாகக் காட்டலாம் என்று வெய் மின் குழு 2017-லேயே செய்து காட்டியிருந்தது. அது ஒற்றை மூலக்கூறு அளவில் அல்ல என்றாலும்.

இந்த வழிக்கும் விலை உண்டு. மூலக்கூறு ஒரு சாயமாக இருக்க வேண்டும், அல்லது அதன் மேல் சாயம் ஒட்ட வேண்டும். நுணுக்கமும் பழையபடி அப்பே எல்லைக்கே திரும்பிவிடுகிறது. சாயமும் இல்லாமல், உலோகத்திலும் சரியாக ஒட்டாமல் இருக்கும் மூலக்கூறுகள்தான் இன்னும் கைக்கு எட்டவில்லை. குளுக்கோஸ் அதற்கு நல்ல உதாரணம்: சிதறல் பலவீனம், வெள்ளியிலும் ஒட்டாது. 2003-இல் வான் டைன் குழு வெள்ளியின் மேல் நீண்ட கார்பன் சங்கிலிகளைப் படலமாக நிறுத்தி, குளுக்கோஸ் அதற்குள் வந்து கொஞ்ச நேரம் தங்கும்படி செய்துதான் அதன் கோடுகளைப் பெற்றது. அதுவும் ஒரு மூலக்கூறு அல்ல, ஏராளமானவை சேர்ந்து கொடுத்த சமிக்ஞை.